பெட்டியில் 27, தராசில் 42: ஒரு 1200 மி.மீ. ஃபோம் பயிற்சி விமானக் கிட்

றேடியோவால் இயக்கும் மாதிரி விமானம் இது: மேற்செட்டை, இரண்டு சக்கரக் கால், மூக்கில் ஒரு மோட்டர், வெள்ளை ஃபோம் உடம்பு. ஒரே கிட் இணையத்தில் நாலைந்து பெயரில் விற்கப்படுகிறது. கைக்கு வரும் பெட்டியில் கொம்பனிப் பெயர் எதுவும் இல்லை. மோட்டர், வேகக் கட்டுப்படுத்தி, நாலு சேர்வோ (செட்டையிலும் வாலிலும் உள்ள மடிப்புகளை அசைக்கும் சிறு மோட்டர்) எல்லாம் பூட்டியே வருகிறது. ரிசீவரும் பற்றரியும் வாங்குபவர் போட்டுக்கொள்ள வேண்டியவை. பெட்டியின் பக்கவாட்டில் மூன்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கின்றன: நிறை 650 கிராம், செட்டைப் பரப்பளவு 24 சதுர டெசிமீற்றர், விங் லோடிங் (செட்டை தூக்கவேண்டிய பாரம்) சதுர டெசிமீற்றருக்கு 27 கிராம்.

விமானம் பழகத் தொடங்கும் ஒருவர் அந்த மூன்றாவது எண்ணை நம்பித்தான் பெட்டியைத் தூக்குகிறார். அது பிழையான எண். பறக்கத் தயாரான நிலையில் இந்த விமானத்தின் விங் லோடிங் 42. பெட்டி சொல்லும் எண்ணின் ஒன்றரை மடங்குக்கும் சற்று மேல். அதற்காக விமானம் கூடாது என்று சொல்ல முடியாது. வார்ப்பு, மோட்டர், சேர்வோ எல்லாம் கொடுத்த காசுக்குத் தகுந்தவை. ஆனால் முதல் விமானமாக வாங்கினால் முதல் கிழமையிலேயே மூக்கு உடையும், ஏன் உடைந்தது என்றும் விளங்காது. அதனால்தான் இந்த மதிப்பீட்டில் பெரும்பகுதி அந்த ஒரு எண்ணுக்கே போகிறது.

செட்டையின் ஒவ்வொரு சதுர டெசிமீற்றரும் எத்தனை கிராமைத் தூக்கவேண்டும் என்பதுதான் விங் லோடிங். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கல் பட்டத்துக்கு மூங்கில் சீவுகிற எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. சிலாகை கொஞ்சம் தடித்தாலும், பெரிய விண் (காற்றில் ஒலி எழுப்பும் நாண்) பூட்டினாலும், அதே தாளுக்குக் கூடுதல் காற்று வேண்டும். இல்லாவிட்டால் பட்டம் ஏறாது. பட்டத்துக்குக் காற்று தானாக வருகிறது. விமானமோ அந்தக் காற்றைத் தன் ஓட்டத்தால் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். பாரம் கூடினால் ஓட்டமும் கூடவேண்டும். எவ்வளவு கூடவேண்டும் என்பதை ஒரு அடிமட்டமும் ஒரு சமையல் தராசும் சொல்லிவிடும்.

முதலில் பரப்பளவு. பெட்டியில் 24 என்ற எண் எப்படி வந்தது என்பது அடிமட்டத்தை வைத்தவுடன் தெரிகிறது: 1200 மி.மீ. நீளத்தை 200 மி.மீ. அகலத்தால் பெருக்கியிருக்கிறார்கள். ஆனால் செட்டை முழுவதும் 200 மி.மீ. அகலம் இல்லை. நடுவில் 600 மி.மீ. நீளத்துக்குத்தான் 200. அதற்கு வெளியே இரு பக்கமும் 300 மி.மீ. நீளத்துக்குப் பின்விளிம்பு உள்வாங்கிக்கொண்டே போய், நுனியில் அகலம் 150 ஆகிறது. ஆகவே நடுப்பகுதி ஒரு செவ்வகம்: 600 × 200 = 120,000 சதுர மி.மீ., அதாவது 12 சதுர டெசிமீற்றர். வெளிப்பகுதி ஒவ்வொன்றும் ஒரு சரிவகம்: 200ஐயும் 150ஐயும் கூட்டி இரண்டால் பிரித்தால் 175; 175 × 300 = 52,500. இரண்டு பக்கமும் சேர்த்து 105,000, அதாவது 10.5. மொத்தம் 22.5 சதுர டெசிமீற்றர்.

அளக்கும்போது நான்கு இடத்தில் ஆட்கள் பிழை விடுகிறார்கள். உடம்புக்கு மேலாக ஓடும் நடுத்துண்டைக் கழிக்கக் கூடாது; அதுவும் செட்டைதான். ஏலரோனும் (செட்டையின் பின்விளிம்பில் அசையும் மடிப்பு) சேரும். வால் சேராது. அடுத்தது, தையல்காரரின் அளவு நாடாவைச் செட்டையின் மேல்வளைவில் ஒட்டி அளப்பது; அப்படி அளந்தால் அகலம் சில மில்லிமீற்றர் கூடிவிடும். செட்டையைப் பெரிய பிரவுன் பேப்பரில் படுக்கவைத்து, பென்சிலை நேராகப் பிடித்துச் சுற்றிவர வரைந்து, பிறகு கோட்டை அளவுங்கள். நுனிகள் மேல்நோக்கிச் சற்று உயர்ந்திருப்பதைப் பற்றிக் கவலைப்படவேண்டாம், வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. நுனி மூலைகள் வட்டமாக இருப்பதும் அப்படித்தான். இந்தக் கிட்டில் நாலு மூலைகளும் சுமார் 40 மி.மீ. ஆரைக்கு உருட்டப்பட்டிருக்கின்றன, அதனால் இழக்கும் பரப்பு மொத்தம் 0.14 சதுர டெசிமீற்றர். கடைசி விடையை அது 0.3 கிராம்கூட மாற்றாது.

இந்தக் கிட்டுக்குத் தேவையில்லை, ஆனால் பழைய போர்விமான மாதிரிகளைப் போல முழுக்க வளைந்த செட்டை என்றால் சரிவகம் உதவாது. அதற்கு ஒரு நல்ல வழி உண்டு. செட்டையின் வடிவத்தைத் தடித்த மட்டையில் வெட்டுங்கள். அதே மட்டையில் 10 செ.மீ. × 10 செ.மீ. சதுரம் ஒன்றையும் வெட்டுங்கள். முதலாவதின் நிறையை இரண்டாவதின் நிறையால் பிரித்தால் பரப்பளவு சதுர டெசிமீற்றரில் நேரடியாக வந்துவிடும். சமையல் தராசு இதற்குப் போதாது. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளில் இருப்பதைப்போல 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். சிறிய பொக்கற் தராசாகவும் கிடைக்கிறது.

இனி நிறை. 5 கிலோ வரை தாங்கி 1 கிராம் படியாகக் காட்டும் சமையல் தராசு போதும். குளியலறைத் தராசு உதவாது. அது 100 கிராம் படியில் ஓடுவது. தராசு சரியா என்று பார்க்க, வெற்றுப் போத்தலை வைத்துப் பூச்சியமாக்கி, அளவு குறித்த பாத்திரத்தால் ஒரு லீற்றர் தண்ணீரை ஊற்றுங்கள். அறை வெப்பத்தில் 995 கிராமுக்கு அண்மையாகக் காட்டவேண்டும். 20 கிராமுக்கு மேல் தள்ளிப்போனால் தராசை மாற்றுங்கள். செட்டை தராசின் திரையை மறைக்கும் என்பதால் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, பூச்சியமாக்கி, அதன்மேல் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். இது அற்பமான விசயமாகத் தெரியும், ஆனால் கூரை விசிறி கீழே தள்ளும் காற்று 22.5 சதுர டெசிமீற்றர் செட்டையில் படும்போது தராசு 20, 30 கிராம் கூட்டிக் காட்டும். நிறுக்கும்போது எண் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடினால் காரணம் பெரும்பாலும் விசிறிதான்.

துண்டு துண்டாக நிறுத்தபோது வந்தவை:

உடம்பு (மோட்டர், வேகக் கட்டுப்படுத்தி, இரண்டு சேர்வோ, சக்கரக் கால் உட்பட): 418 கிராம்
இடது செட்டை 104, வலது செட்டை 111, கார்பன் குழாய் 21: 236 கிராம்
வாலின் இரு பகுதிகளும் திருகாணிகளும்: 46 கிராம்
புரொப்பெல்லர், அதன் பிடி, மூக்குக் கூம்பு: 22 கிராம்
ரிசீவரும் நீட்டிப்பு வயர்களும்: 14 கிராம்
3 செல் 2200 மில்லியம்பியர் மணி பற்றரி, இணைப்பியுடன்: 185 கிராம்
பசை, வெல்க்ரோ, பற்றரிப் பட்டி: 21 கிராம்

மொத்தம் 942 கிராம். பெட்டியிலிருந்து வந்த பொருட்கள் மட்டும் 722. அப்படியானால் 650 எங்கிருந்து வந்தது? சக்கரக் கால் 48 கிராம், புரொப்பெல்லர்த் தொகுதி 22 கிராம்; இரண்டையும் கழற்றிவிட்டு நிறுத்தால் 652. பறக்கவே முடியாத நிலையில் நிறுத்த நிறையை, இல்லாத பரப்பளவால் பிரித்துத்தான் 27 என்று அச்சடித்திருக்கிறார்கள். நிறை குறைத்துக் காட்டப்பட்டதும் பரப்பு கூட்டிக் காட்டப்பட்டதும் ஒரே திசையில் சேர்ந்துகொண்டன.

942ஐ 22.5 ஆல் பிரியுங்கள்: 41.9. அலகில் கவனம் வேண்டும். சதுர சென்ரிமீற்றரில் பரப்பை எடுத்தவர்கள் 100 ஆல் பிரிக்கவேண்டும், சதுர மில்லிமீற்றரில் எடுத்தவர்கள் 10,000 ஆல். அமெரிக்க வீடியோக்களில் சதுர அடிக்கு அவுன்ஸ் என்று சொல்லுவார்கள். அதில் ஒன்று நம்முடைய அலகில் 3.05. இந்த விமானம் அந்தக் கணக்கில் 13.7.

இப்போது அந்த 42 நிலத்தில் நிற்பவருக்கு என்ன சொல்கிறது? செட்டை விமானத்தைத் தாங்கமுடியாமல் கைவிடும் வேகத்தை ஸ்டோல் வேகம் என்கிறோம். விங் லோடிங்கின் வர்க்கமூலத்தை 4.5 ஆல் பெருக்கினால் அந்த வேகம் மணிக்கு இத்தனை கிலோமீற்றர் என்று வந்துவிடும். இந்த 4.5 வானத்தில் இருந்து விழுந்த எண் அல்ல. நம்முடைய 30, 32 பாகை வெப்பத்தில் கடல்மட்டக் காற்றின் அடர்த்தி கன மீற்றருக்குச் சுமார் 1.15 கிலோ (பாடப்புத்தகத்தில் உள்ள 1.225 என்பது 15 பாகைக்குரியது), சாதாரண ஃபோம் செட்டையின் உச்சத் தூக்கு குணகம் சுமார் 1.1 என்று வைத்துக்கொண்டு பெறப்பட்டது. பெட்டியின் 27க்கு இது மணிக்கு 23 கி.மீ. தருகிறது. உண்மையான 42க்கு 29 கி.மீ. இறங்க வரும்போது ஸ்டோல் வேகத்தின் 1.3 மடங்கில் வருவது பாதுகாப்பு; அது 30க்குப் பதிலாக 38 ஆகிறது. சைக்கிளில் ஒருவர் முழு மூச்சாக மிதிக்கும் வேகத்துக்கும் மோட்டார் சைக்கிள் ஓட்டத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசம். பழகும் கை அந்த 8 கிலோமீற்றரைத் தாங்காது.

நேராகப் பறக்கும்போது 29. திருப்பத்தில் அது இன்னும் ஏறும். 45 பாகை சரிவில் உயரம் இழக்காமல் திருப்பினால் ஸ்டோல் வேகம் 35, 60 பாகையில் 41. புதியவர்களின் விமானம் இறங்க வரும் கடைசித் திருப்பத்தில் ஒரு செட்டை திடீரென்று கீழே போய்ச் சுழன்று விழுவது இதனால்தான். துரொட்டிலை (மோட்டருக்குக் கொடுக்கும் விசையை) குறைத்து 34, 35இல் வருகிறார்கள், மைதானம் தாண்டிப்போகிறதே என்று இறுக்கித் திருப்புகிறார்கள், எலிவேற்றரை (மூக்கை மேலே தூக்கும் வால் மடிப்பை) இழுக்கிறார்கள். அந்தக் கணத்தில் செட்டைக்கு 40 தேவை. "றேடியோ கட் ஆகிவிட்டது" என்று சொல்லப்படும் விழுகைகளில் நிறைய இந்த வகைதான். இந்தக் கிட்டில் நுனி அகலம் 150 ஆகக் குறுகுவதும் ஒரு காரணம்: குறுகிய நுனி நடுப்பகுதிக்கு முன்பே பிடியை விட்டுவிடும். நல்ல பயிற்சிச் செட்டையில் நுனியை 2 பாகை கீழ்நோக்கி முறுக்கி இதைத் தடுப்பார்கள். இங்கே அந்த முறுக்கு மிகக் குறைவு. இரு ஏலரோன்களையும் 2 மி.மீ. மேலே தூக்கி வைத்துப் பறந்தால் நுனி சற்று அடங்கும். முதல் பத்துப் பறப்புக்கு அப்படி வைப்பது நல்லது.

விங் லோடிங்கை மட்டும் வைத்து வேறு அளவு விமானங்களை ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். 40 அளவு (0.40 கன அங்குல) எஞ்சின் பூட்டிய 1.6 மீற்றர் பழைய பயிற்சி விமானம் ஒன்றை எடுங்கள்: 2.5 கிலோ, 46 சதுர டெசிமீற்றர். விங் லோடிங் 54. எண்ணைப் பார்த்தால் நம்முடைய கிட்டைவிட மோசம். ஆனால் பறக்கும்போது அதுதான் சாது. பெரிய விமானம் தன் உடம்பளவுக்கு மெதுவாகவே நகர்கிறது, கண்ணுக்கும் கைக்கும் நேரம் கொடுக்கிறது. இந்த அளவு வித்தியாசத்தைச் சரிசெய்வதுதான் கியூப் லோடிங். நிறையைக் கிலோவில் எடுத்து, பரப்பளவைச் சதுர மீற்றரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தால் பெருக்கி, அந்த விடையால் நிறையைப் பிரிக்கவேண்டும். நம்முடையது 0.225, வர்க்கமூலம் 0.474; பெருக்கினால் 0.1067. 0.942ஐ அதால் பிரித்தால் 8.8. பெரிய எஞ்சின் விமானத்துக்கு இதே கணக்கு 8.0 தருகிறது. (அமெரிக்கர்கள் கன அடிக்கு அவுன்ஸில் சொல்வார்கள், எண் கிட்டத்தட்ட ஒன்றேதான், மாற்றத் தேவையில்லை.)

எல்லைகள் இறுக்கமானவை அல்ல, ஆனால் பொதுவாக 4க்குக் கீழே கிளைடர். 5இலிருந்து 7 வரை மெதுவாகப் பறக்கும் பயிற்சி வகை. 7இலிருந்து 10 வரை ஸ்போர்ட் வகையும் எஞ்சின் பூட்டிய பெரிய பயிற்சி விமானங்களும். அதற்கு மேலே போர்விமான மாதிரிகள். பெட்டியின் எண்களைப் போட்டால் 5.5 வருகிறது, பழகுபவருக்கு அச்சொட்டான இடம். தராசின் எண்களைப் போட்டால் ஸ்போர்ட் வகையின் மேற்பாதி. மேற்செட்டை, சக்கரக் கால், வெள்ளை உடம்பு எல்லாம் பயிற்சி விமானத்தின் தோற்றம். உள்ளே இருப்பது வேறு ஆள்.

அதே காரணத்தால் யாழ்ப்பாணக் காற்றில் இதற்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. வைகாசிக்குப் பிறகு சோழகம் எழும்பினால் வல்லை வெளி போன்ற திறந்த இடத்தில் புழுதியும் காகிதமும் கிளம்பும் அளவுக்குக் காற்று இருக்கும். அது மணிக்கு 20 தொடக்கம் 28 கி.மீ. காற்று. விங் லோடிங் 20 உள்ள இலேசான ஃபோம் விமானத்துக்கு ஸ்டோல் வேகமே 20. அது காற்றை எதிர்த்து முன்னேற முடியாமல் நின்று ஆடும், திருப்பினால் பனங்கூடலுக்குள் போய்விடும். இந்தக் கிட் மணிக்கு 45, 50 கி.மீ. வேகத்தில் சாதாரணமாகப் பறப்பதால் 20 கி.மீ. காற்றிலும் எதிர்த்து வந்து சேரும், சிறு உலுக்கல்களுக்கு ஆடாது. ஆகவே காற்று அடங்கிய விடியற்காலையில் பழகும் ஒருவருக்கு இது பாரமான விமானம். பழகி முடித்து, பின்னேரக் காற்றிலும் பறக்க விரும்புகிறவருக்கு நல்ல விமானம். காற்றை எதிர்த்து இறங்கும்போது தரைவேகம் குறையும் என்பதையும் கணக்கில் எடுங்கள்: 38இல் வரும் விமானம் 15 கி.மீ. எதிர்க்காற்றில் நிலத்துக்கு 23 ஆகத்தான் தெரியும். காற்றோடு போகும்போது தரைவேகத்தைப் பார்த்து "இவ்வளவு வேகமா" என்று துரொட்டிலைக் குறைப்பது ஆபத்து. செட்டைக்குத் தெரிந்தது காற்றுவேகம் மட்டும்.

இடத்தேர்விலும் எண் பேசும். பாரம் கூடினால் சறுக்கும் கோணம் மாறாது. அதே கோணத்தில் வேகமாக வரும், அவ்வளவுதான். மோட்டரை நிறுத்தினால் இது ஒரு மீற்றர் உயரத்துக்குச் சுமார் 6 மீற்றர் முன்னால் போகிறது. எல்லையில் 15 மீற்றர்ப் பனை நின்றால், அதைத் தாண்டி நிலத்தைத் தொடவே 90 மீற்றர் வேண்டும். பிறகு ஓட்டம். ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு போவதால், 27 என்ற எண்ணுக்கு 20 மீற்றர் போதும் என்றால் 42க்கு 31 மீற்றர். சாதாரணப் பள்ளிக்கூட மைதானம் ஒன்று இதற்கு நெருக்கடி. பலாலி விமான நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதி இந்தப் பொழுதுபோக்குக்கு உரிய இடம் அல்ல. வேறெங்கும் பறக்கவிடுவதென்றாலும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் நடைமுறை விதிகளை முதலில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

பாரத்தைக் குறைக்க முடியாதா என்ற கேள்வி எல்லாருக்கும் வரும். முதலில் மனதில் வருவது சிறிய பற்றரி. 2200க்குப் பதிலாக 115 கிராம் உள்ள 1300 போட்டால் 70 கிராம் மிச்சம் என்று தோன்றும். மிஞ்சுவது அதில் பாதிதான். பற்றரி ஈர்ப்பு மையத்துக்கு 150 மி.மீ. முன்னால் இருக்கிறது; அங்கே 70 கிராமைக் குறைத்தால் 70 × 150 = 10,500 அளவு திருப்பம் குறைந்து வால் பாரமாகிறது. அதை ஈடுகட்ட, 300 மி.மீ. முன்னாலுள்ள மோட்டர்த் தட்டில் 10,500 ÷ 300 = 35 கிராம் ஈயம் வைக்கவேண்டும். கடைசியில் 907 கிராம், விங் லோடிங் 40.3, ஸ்டோல் வேகம் 29.1இலிருந்து 28.6. அரைக் கிலோமீற்றருக்காகப் பறக்கும் நேரத்தை இழக்கிறீர்கள்: சராசரி 7 அம்பியர் இழுத்து, 80 சதவீதம் வரை பாவித்தால் 2200இல் 15 நிமிடம், 1300இல் 9 நிமிடம். பெறுமதியில்லாத பேரம். சக்கரக் காலைக் கழற்றிவிட்டு, கையால் எறிந்து, புல்லில் வயிற்றால் இறக்குவது மேல். 48 கிராம் முழுதாகக் குறைந்து 39.7 ஆகிறது. ஆனால் வலிகாமத்துச் செம்மண்ணும் கல்லும் ஃபோம் வயிற்றைச் சுரண்டும், அகலமான ஒட்டுநாடா ஒன்று அடியில் ஒட்டவேண்டிவரும். இரண்டு வழியையும் சேர்த்தாலும் 38தான். 27 என்பது இந்த உடம்புக்கு எட்டாத எண்.

பெட்டியோடு வரும் கையேடு ஈர்ப்பு மையத்தை முன்விளிம்பிலிருந்து 62 மி.மீ. என்கிறது. இந்தச் செட்டையின் சராசரி அகலம் கணக்கில் 189 மி.மீ.; 62 என்பது அதில் 33 சதவீதம். முதல் பறப்புக்கு இது மிகவும் பின்னால். பின்பாரமான விமானம் ஸ்டோல் ஆனால் மீளாது, எலிவேற்றரைத் தொட்டாலே துள்ளும். 52 மி.மீ.யில் தொடங்குங்கள், 28 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 2200 பற்றரியைத் தட்டின் முன்சுவரில் முட்டும்வரை தள்ளினால் ஈயம் எதுவும் இல்லாமலே 52 வந்துவிடுகிறது. இது இந்தக் கிட்டில் மெச்சவேண்டிய இடம். பற்றரித் தட்டை நீளமாக வைத்திருக்கிறார்கள். முன்பின் சமநிலை பார்த்தபின் இடம்வலமும் பாருங்கள். வலது செட்டை 7 கிராம் கூட என்று மேலே வந்ததே, அந்தப் பாரம் அரைச் செட்டையின் நடுவில் இருக்கிறது. இடது நுனியில் 3.5 கிராம் ஈயம் ஒட்டினால் சமன்.

மோட்டர் நல்லது. மீன் நிறுக்கும் தொங்கு தராசில் வாலைக் கட்டி, முழுத் துரொட்டில் கொடுத்துப் பார்த்தால் 780 கிராம் இழுக்கிறது. பெட்டியின் "நிறையைவிடக் கூடிய இழுவை" என்ற வாசகம் 650க்கு உண்மை, 942க்கு இல்லை. உண்மையான விகிதம் 0.83. பயிற்சிக்கும் சாதாரண வளையங்களுக்கும் அது தாராளம். இழுவையை நிறுக்கும்போது விமானத்தை மேசைக்கு வெளியே பிடிக்காமல் நிலத்தில் சக்கரத்தில் நிற்கவிடுங்கள், புரொப்பெல்லருக்கு முன்னாலோ அது சுழலும் தளத்துக்கு நேராகவோ ஒருவரும் நிற்கக்கூடாது.

மற்றவை சுருக்கமாக. இடது நுனி பொதியில் நசிந்து முறுகி வந்திருந்தது. கை பொறுக்காத சூட்டில் வெந்நீரை ஊற்றி, எதிர்த்திசையில் முறுக்கிப் பிடித்து, ஆறவிட்டால் நிமிர்கிறது. ஃபோம் கீல்கள் இறுக்கம், இருபது முறை கையால் மடித்துத் தளர்த்தவேண்டும். றடர்க் கம்பியின் கொளுவி தளர்வு, மாற்றிவிடுங்கள். சேர்வோக்கள் நாலும் நடுவில் சரியாக வந்து நிற்கின்றன. புரொப்பெல்லர்ப் பிடி கொஞ்சம் கோணல், அதிர்வு கேட்கும். ஒரு தரமான பிடி வாங்கிப் போடுவது நல்லது. வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் வைத்தால் செட்டை வளையும், சூட்டுப் பசையால் ஒட்டிய இடமும் இளகும்.

சூட்டுப் பசையைப் பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்லவேண்டும், ஏனென்றால் விங் லோடிங் களவாக ஏறுவது அதனால்தான். உடைந்த மூக்கை ஒருமுறை சூட்டுப் பசை, ஃபைபர் ஒட்டுநாடா வைத்துக் கட்டினால் 15, 20 கிராம் கூடுகிறது. மூக்கில் கூடினால் சமநிலைக்குப் பற்றரியைப் பின்னே தள்ளலாம். வாலில் கூடினால் மூக்கில் இரண்டு மடங்குக்கு மேல் ஈயம் வைக்கவேண்டும். மூன்று திருத்தத்தில் விமானம் ஒரு கிலோவைத் தொட்டுவிடும்: விங் லோடிங் 44.4, ஸ்டோல் வேகம் மணிக்கு 30. ஃபோமுக்குரிய மெல்லிய பசையைப் பாவித்து, உடைந்த முகங்களைச் சுத்தமாகப் பொருத்தி ஒட்டினால் அதே திருத்தம் 4, 5 கிராமில் முடியும்.

பற்றரி மூடியின் உட்புறத்தில் திகதியையும் மொத்த நிறையையும் மார்க்கரால் எழுதிவையுங்கள், ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் நிறுத்துப் புதிய எண்ணைக் கீழே எழுதுங்கள். உதிரியாக வாங்கிய செட்டைச் சோடி ஒன்றை நிறுத்தபோது, அதே வார்ப்பு, அதே அளவு, ஆனால் கிட்டோடு வந்ததைவிட 9 கிராம் கூடுதல். ஃபோமின் அடர்த்தி தொகுதிக்குத் தொகுதி மாறுகிறது. உதிரிப்பாகம் மாற்றிய நாளிலும் தராசை எடுங்கள்.